கன்னியா றோட்டுக் குழாய்க்கிணறு: ரேடன், ஆசனிக்கு, ஈயம் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஓர்சில் பையன்

வணக்கம். திருகோணமலையில் கன்னியா றோட்டுப் பக்கம் காணி எடுத்து, வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் பைப் லைன் வரவில்லை, அதனால் குழாய்க்கிணறு அடித்தோம். 140 அடி. மேல்மண் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் பாறை என்று அடித்தவர்கள் சொன்னார்கள். தண்ணி நல்ல தெளிவு, உப்பும் இல்லை. ஆனால் தேத்தண்ணி ஊற்றினால் கறுத்துப் போகிறது. குளியலறைத் தரையில் செங்காவி படிகிறது.

போன கிழமை கனடாவில் இருக்கிற அத்தான் போன் எடுத்தார். "பாறைக்குள் அடித்த கிணறென்றால் ரேடன் வாயு பார்த்தாயா, ஆசனிக்கு நஞ்சு பார்த்தாயா, ஈயம் பார்த்தாயா?" என்று அடுக்கினார். நான் பார்த்ததெல்லாம் மோட்டர் எத்தனை குதிரை வலு என்பதைத்தான். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். இங்கே இதையெல்லாம் பார்க்க முடியுமா, பார்க்கத்தான் வேண்டுமா?

கொட்டியாரம்

தம்பி, மூதூரில் எங்கள் பாட்டன் வெட்டிய கிணற்றில் நான்கு தலைமுறை குடித்து வளர்ந்திருக்கிறது. ஒருவருக்கும் ரேடனும் வரவில்லை, ரேடியோவும் வரவில்லை. கனடாக்காரர் அங்கே குளிருக்குப் பூட்டிக்கொண்டு இருக்கிறார்கள், அவர்களுடைய பயம் வேறு. இங்கே கிணற்றைக் கெடுப்பது மலசலகூடக் குழி. உங்கள் குழிக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி? முதலில் அதை அளந்துவிட்டு வாருங்கள். இந்தப் பயத்தை வைத்துத்தான் தண்ணி வடிகட்டுகிற பில்டர் விற்கிறவன் பிழைக்கிறான்.

றிக் அண்ணை

கொட்டியாரம் அண்ணை, உங்கள் பாட்டன் வெட்டியது மண்ணுக்குள் கட்டுக்கிணறு. தம்பி அடித்திருப்பது பாறை வெடிப்புக்குள். இரண்டும் கிணறு என்பதைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை. நிலாவெளி, உப்புவெளிக் கரையில் மணலுக்குள் நிற்பது போன மாரியில் பெய்த மழைத் தண்ணி. பாறைக்குள் நிற்பது நெடுங்காலம் கல்லோடு உரசிக்கொண்டு கிடந்த தண்ணி. கல்லில் என்ன இருக்கிறதோ அது தண்ணிக்கும் வரும்.

நான் இந்த மாவட்டத்தில் நிறையத் துளைத்திருக்கிறேன். ஒரு காணியில் வெள்ளைப் படிகக் கல்லாக வரும், இரண்டு காணி தள்ளி இளஞ்சிவப்புக் கல்லும் மினுங்குகிற மைக்காவும் வரும். தம்பி, துளைத்தபோது வந்த துகளைப் பார்த்தீர்களா? மேல்மண் சரியாமல் தாங்குகிற கேசிங் பைப் எத்தனை அடிக்கு இறக்கினார்கள்? பில்லில் எழுதியிருக்க வேண்டும்.

ஓர்சில் பையன்

பில்லில் மொத்த அடியும் காசும்தான் இருக்கிறது அண்ணை. துகள் முழுவதும் பக்கத்துப் பள்ளத்தை நிரப்பப் போய்விட்டது.

சோதனைக்குழாய்

கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் பல வருடம் தண்ணி பார்த்தவள், இப்போது ஓய்வு. ஊர் பாலையூற்று. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரேடன் என்பது வாயு. எல்லாப் பாறையிலும் கொஞ்சமாவது யுரேனியம் உண்டு. அது படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகும், ரேடியம் சிதைந்து ரேடனாகும். நிறம், மணம், சுவை எதுவும் கிடையாது. பாறை வெடிப்பில் அடைபட்டுக் கிடக்கிற தண்ணியில் கரைந்திருக்கும், வெளிக்காற்றைக் கண்டால் பறந்துவிடும். பறக்க வழியில்லாவிட்டாலும் 3.8 நாளில் பாதி தானாகவே சிதைந்துவிடும். அதனால் கொட்டியாரம் அண்ணையின் பாட்டன் கிணற்றில் அது பெரிதாகத் தங்காது. வாய் அகலமாகத் திறந்திருக்கிறது, வாளி விழுகிற ஒவ்வொரு முறையும் தண்ணி கலங்குகிறது. 140 அடியிலிருந்து மூடிய பைப்பால் நேரே ஷவருக்கு வருகிற தண்ணியை அப்படிச் சொல்ல முடியாது.

வயிற்றுக்குள் போகிற ரேடனைவிட மூச்சோடு போகிறதுதான் கவலை. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைத்தலுக்கு அடுத்த காரணமாக இதைச் சொல்கிறார்கள். புகைக்கிறவர் இருக்கிற வீட்டில் ஆபத்து இன்னும் கூடும். குளிக்கும்போது, உடுப்புத் தோய்க்கும்போது தண்ணியிலிருந்து கிளம்பி வீட்டுக் காற்றில் கலக்கும்.

இனிக் கணக்கு. தண்ணியில் இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் வீட்டுக் காற்றின் சராசரிக்குச் சேரும் என்று எடுப்பது வழக்கம். கதிர்வீச்சை பெக்கரலில் அளப்பார்கள், செக்கனுக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல். ஒரு லீற்றர் தண்ணியில் 100 பெக்கரல் இருந்தால் ஒரு கன மீற்றர் தண்ணியில் 100,000 பெக்கரல். அதைப் பத்தாயிரத்தால் வகுத்தால் ஒரு கன மீற்றர் காற்றுக்கு 10 பெக்கரல். திறந்த வெளிக் காற்றிலேயே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். உலக சுகாதார நிறுவனம் வீட்டுக் காற்றுக்குச் சொல்கிற அளவு 100. தண்ணியால் மட்டும் அதைத் தொட வேண்டுமென்றால் லீற்றருக்கு 1,000 பெக்கரல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2013 இல் வைத்த இரண்டு கோடுகளும் அவைதான்: 100 ஐத் தாண்டினால் யோசி, 1,000 ஐத் தாண்டினால் ஏதாவது செய். அமெரிக்காவில் 1999 இல் லீற்றருக்கு 11 பெக்கரல் என்ற கடுமையான எல்லையை முன்மொழிந்தார்கள், அது சட்டமாகவே இல்லை.

அந்தப் பத்தாயிரம் கணக்கும் பூட்டிய வீட்டுக்குப் போட்டது. யன்னல் திறந்து, ஓட்டு இடுக்கால் காற்று வருகிற நம்முடைய வீட்டில் சேர்வது இன்னும் குறைவாகத்தான் இருக்கும். ஏசி போட்டு அடைத்த அறையோடு ஒட்டிய குளியலறை என்றால் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆகவே தம்பி, ரேடனை உங்கள் பட்டியலில் கடைசிக்குக் கொண்டு போங்கள். தள்ளிவிடச் சொல்லவில்லை.

புல்மோட்டை மண்

அக்கா, அப்படியானால் எங்கள் கதை என்ன? புல்மோட்டைக் கரை மணலில் இல்மனைட்டு, ரூட்டைல், சேர்க்கன், மொனசைட்டு எல்லாம் இருக்கிறது. மொனசைட்டில் தோரியம், அது கதிர் வீசும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். எங்கள் வீட்டுக் கிணறு அந்தக் கறுப்பு மணலுக்குள்ளேதான் இருக்கிறது. கன்னியாக்காரருக்கு வராத கவலை எங்களுக்கு வர வேண்டாமா?

சோதனைக்குழாய்

நல்ல கேள்வி தம்பி. தோரியம் தண்ணியில் கரைய மிகவும் தயங்குகிற உலோகம். மொனசைட்டு மணி அலையிலும் வெயிலிலும் எவ்வளவோ காலம் அடிபட்டும் கரையாமல் நின்றதால்தான் கரையில் ஒதுங்கியிருக்கிறது. கிணற்றுத் தண்ணியில் கிடந்து திடீரென்று கரைந்துவிடாது. தோரியத்தின் வழியில் பிறக்கிற வாயுவைத் தோரன் என்பார்கள், அதன் ஆயுள் இன்னும் குறைவு, 56 செக்கனுக்குள் பாதி போய்விடும். கிணற்றிலிருந்து டாங்கிக்கு ஏறுவதற்குள் பெரும்பகுதி முடிந்திருக்கும்.

மணலுக்கு மேலே நிற்கும்போது உடம்பில் படுகிற காமாக் கதிர் தனி விஷயம். கேரளத்தில் கருநாகப்பள்ளிக் கரையும் மொனசைட்டுக் கரைதான், நம்முடைய கரையை விடப் பேர் போனது. அங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்களை வருடக் கணக்கில் தொடர்ந்து பார்த்து 2009 இல் முடிவை வெளியிட்டார்கள். கூடிய கதிர் உள்ள இடத்தில் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அதற்காக அந்த மணலை அள்ளி வந்து வீட்டுக்கு நிலம் போடாதீர்கள். உங்கள் கிணற்றுக்கு நான் முதலில் கேட்பது உப்பும், உரத்தாலும் மலக்குழியாலும் வருகிற நைத்திரேற்றும்தான். மணல் கிணறு மேலே ஊற்றுவதையெல்லாம் வடிகட்டாமல் உள்ளே விடும்.

ஓர்சில் பையன்

கன்னியா வெந்நீர்க் கிணறு பக்கத்தில்தான் இருக்கிறது. கதிர்வீச்சால்தான் அந்தத் தண்ணி சூடாகிறது என்று ஒருவர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். உண்மையா?

றிக் அண்ணை

யார் அது, பில்டர்காரரா?

சோதனைக்குழாய்

மழைத் தண்ணி வெடிப்புகளால் மிக ஆழத்துக்கு இறங்குகிறது. ஆழம் போகப் போகப் பூமி சூடு. சூடேறியது இன்னொரு வெடிப்பால் ஆறுவதற்குள் மேலே வந்துவிடுகிறது. எரிமலையும் இல்லை, கீழே அணு உலையும் இல்லை. அங்குள்ள ஏழு கிணற்றுக்கும் ஏழு சூடு இருப்பது, வரும் வழியில் எவ்வளவு குளிர்ந்த தண்ணி கலக்கிறது என்பதைப் பொறுத்தது. இராவணன் குத்திய இடங்களில் ஊறியது என்ற கதையை நான் தொடவில்லை, அது வேறு திணைக்களம்.

ஆனால் ஒன்று விளங்குகிறது. உங்கள் பக்கத்துப் பாறையில் ஆழமான வெடிப்புகள் உண்டு, தண்ணி அவற்றில் ஓடுகிறது. ஆழத்துத் தண்ணியில், கூடினால் பல்லைக் கெடுக்கிற புளோரைட்டைப் பார்க்காமல் விடக்கூடாது. உங்கள் அத்தான் சொன்ன பட்டியலில் அது இல்லை, நான் சேர்க்கிறேன்.

கிண்ணியா நானா

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் தெருவுக்கும் ஒருவர் பில்டர் கொண்டு வந்தார். இரண்டு கிளாசில் தண்ணி. ஒன்று அவருடைய பில்டர் தண்ணி, மற்றது எங்கள் கிணற்றுத் தண்ணி. இரண்டு கம்பியை இறக்கிக் கரண்ட் கொடுத்தார். எங்கள் தண்ணி சேறாகி, பச்சையும் கபிலமுமாகப் பொங்கியது. "பாருங்கள், நீங்கள் குடிக்கிற பார உலோகம்!" என்றார். பெண்டாட்டி அந்த நிமிடமே கையெழுத்துப் போடத் தயார். நான் கேட்டேன், உங்கள் தண்ணியில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுத் திரும்பச் செய்யுங்கள் என்று. அவருக்கு அவசர போன் வந்துவிட்டது.

சோதனைக்குழாய்

நானா, உங்களுக்கு நூற்றுக்கு நூறு. அந்தச் சேறு வந்தது அவருடைய இரும்புக் கம்பியிலிருந்து. உப்புக் கரைந்த தண்ணி கரண்ட்டைக் கடத்தும், கம்பி கரையும். உப்பை எடுத்துவிட்ட பில்டர் தண்ணி கடத்தாது, ஒன்றும் நடக்காது. பேனை மாதிரி ஒரு டீ.டீ.எஸ். மீற்றரும் கொண்டு வருவார்கள். அது கரைந்த உப்பு மொத்தம் எவ்வளவு என்று மட்டும் காட்டும். ஈயத்தின் எல்லை லீற்றருக்கு 0.01 மில்லிகிராம், மொத்த உப்பின் எல்லை 500 மில்லிகிராம். எல்லையைப் போல் பத்து மடங்கு ஈயம் இருந்தாலும் அந்த மீற்றரின் முள் அசையாது. நல்ல எண் காட்டுகிற தண்ணியில் ஆசனிக்கு இருக்கலாம், 700 காட்டுகிற தண்ணியில் சுண்ணாம்பைத் தவிர வேறொன்றும் இல்லாமலும் இருக்கலாம்.

கொட்டியாரம்

பார உலோகம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. சேருவிலப் பக்கம் நிலத்துக்குக் கீழே செம்பும் இரும்பும் சேர்ந்த தாது இருக்கிறதென்று 1970களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார்கள். அந்தப் பக்கத்துக் கிணறுகளில் செம்பு இருக்குமா? கேலிக்குக் கேட்கவில்லை, அங்கே எங்களுக்கு வயல் இருக்கிறது.

சோதனைக்குழாய்

கேட்க வேண்டிய கேள்விதான் அண்ணை. எங்கள் எஸ்.எல்.எஸ். 614 என்ற இலங்கைக் குடிதண்ணித் தரத்தில் செம்புக்கு லீற்றருக்கு 1 மில்லிகிராம், இரும்புக்கு 0.3, மங்கனீசுக்கு 0.1. தண்ணி புளிப்பாக இருந்தால், அதாவது பீ.எச். 6.5 க்குக் கீழே இறங்கினால், உலோகம் கூடக் கரையும். உங்கள் வயல் கிணற்றுக்குப் பீ.எச். பார்த்துவிட்டு, பிறகு உலோகத்துக்குக் காசு செலவழிக்கலாம்.

தம்பியின் தேத்தண்ணி கறுப்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. தேயிலையில் உள்ள துவர்ப்பும் தண்ணியில் உள்ள இரும்பும் சேர்ந்தால் மைக்கறுப்பு. செங்காவியும் அதே இரும்புதான். உடம்புக்கு அது பெரிய கெடுதல் இல்லை, வெள்ளை உடுப்புக்குத்தான் கெடுதல். கண்ணுக்குத் தெரிகிற இரும்பை மக்கள் பயப்படுகிறார்கள், தெரியாத ஆசனிக்கை யாரும் நினைப்பதில்லை. வங்காளதேசத்தில் நடந்தது அதுதான். குளத்துத் தண்ணியில் கிருமி என்று 1970களிலிருந்து ஊருக்கு ஊர் குழாய்க்கிணறு அடித்தார்கள். கிருமி குறைந்தது. ஆசனிக்கு இருப்பது 1990களில்தான் பெரிதாக வெளியே வந்தது. அதற்குள் கோடிக்கணக்கானவர்கள் குடித்திருந்தார்கள். அங்கே வண்டல் மண், இங்கே பாறை, அதே நிலைமை என்று நான் சொல்லவில்லை. ஒரு முறை பார்த்துவிட்டால் அந்தச் சந்தேகம் தீரும்.

பேஸ்மென்ட் வாசி

நான்தான் அந்தக் கனடா அத்தான். மச்சான் லிங்க் அனுப்பினான். ஏதோ பூட்டிக்கொண்டு இருக்கிறோம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார், உண்மைதான், ஆறு மாதம் யன்னல் திறப்பதில்லை. இங்கே ரேடன் பெரும்பாலும் வருவது தண்ணியால் இல்லை, நிலத்துக்குக் கீழே இருக்கிற பேஸ்மென்ட்டின் வெடிப்புகளால். காற்றுக்கு 200 பெக்கரல் என்று அரசாங்கம் சொல்கிறது, தண்ணிக்கு எல்லையே வைக்கவில்லை. அக்கா எழுதிய கணக்கைப் பார்த்த பிறகுதான் ஏன் வைக்கவில்லை என்று விளங்கியது. ஆனால் மச்சான், ஆசனிக்கும் ஈயமும் பார்க்கத்தான் வேண்டும். காசு நான் போடுகிறேன்.

கொட்டியாரம்

அத்தான் காசு போடுகிறார் என்றால் என் கிணற்றுக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓர்சில் பையன்

சரி அக்கா, முடிவெடுத்துவிட்டேன். எங்கே கொடுப்பது, எப்படி எடுப்பது? கோலாப் போத்தலைக் கழுவி எடுத்தால் போதுமா?

சோதனைக்குழாய்

கோலாப் போத்தலைக் கண்டாலே எனக்குத் தலையிடி. பிழையான பெறுபேறு வருவதில் பாதி மெசினால் இல்லை, போத்தலால்.

முதலில் எங்கே. பீ.எச்.ஐ. ஐயாவிடம், அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், சொன்னால் கிருமிப் பரிசோதனைக்கு வழி காட்டுவார். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்கள் காசுக்குப் பொதுமக்களின் தண்ணியும் பார்க்கும். உலோகங்களுக்குக் கொழும்புப் பக்கம் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. கதிர்வீச்சுக்கு ஒருகொடவத்தையில் இலங்கை அணுசக்திச் சபை. எங்கே கொடுத்தாலும் முதலில் போன் எடுத்து, என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லி, போத்தலை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள்.

உலோகத்துக்கு அவர்கள் அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் போத்தல் தருவார்கள். உள்ளே கொஞ்சம் நைத்திரிக்கமிலம் இருக்கலாம், அதை அலசி ஊற்றிவிடாதீர்கள். உலோகம் போத்தல் சுவரில் ஒட்டாமல் இருக்கத்தான் அது. இரண்டு போத்தல் எடுங்கள். ஒன்று விடியற்காலையில், இரவு முழுக்கத் திறக்காத குசினிப் பைப்பின் முதல் தண்ணி. மற்றது மோட்டரை ஓடவிட்டு, டாங்கிக்கு ஏறுமுன் கிணற்றடியிலேயே எடுத்தது. முதல் போத்தலில் மட்டும் ஈயம் இருந்தால் குற்றம் பெரும்பாலும் பித்தளைப் பைப் தலையில், கிணற்றில் இல்லை. முதலில் பைப் தலையை மாற்றிப் பாருங்கள். இரண்டிலும் இருந்தால்தான் கிணற்றைப் பற்றிக் கதைக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் கிணற்றையே மூடியவர்கள் இருக்கிறார்கள்.

பட்டியலில் ஈயம், ஆசனிக்கு, கட்மியம், மங்கனீசு எழுதுங்கள். யுரேனியத்தையும் சேர்த்து எழுதுங்கள். உலோகம் பார்க்கிற பெரிய மெசினில் அதே ஓட்டத்தில் அதுவும் அகப்படும். யுரேனியத்தைக் கதிர்வீச்சுக்காகப் பயப்படுகிறோம், குடிதண்ணியில் அது முதலில் தாக்குவது சிறுநீரகத்தை, சாதாரண நஞ்சாகவே. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 30 மைக்கிரோகிராம். ஆசனிக்குக்கு 10, கட்மியத்துக்கு 3.

கிருமிக்குத் தனிப் போத்தல், அவித்துக் கிருமி நீக்கியது. ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணித்தியாலத்துக்குள், முடிந்தால் அன்றைக்கே கொடுக்க வேண்டும். கிணற்றுக்குக் குளோரின் போட்ட கையோடு எடுத்தால் எல்லாம் சுத்தம் என்று வரும், அதை நம்பி ஏமாற வேண்டாம்.

ரேடன் எடுப்பதுதான் கலை. சின்னக் கண்ணாடிக் குப்பி, 40 மில்லி, உள்ளே தெப்லோன் பூசிய மூடி. பைப் தலையில் சல்லடை இருந்தால் கழற்றுங்கள், அது காற்றைக் கலக்கும். கால் மணித்தியாலம் தண்ணியை ஓடவிட்டு, மெல்லிய ஹோஸ் ஒன்றை வாளியின் அடிக்கு விட்டு, சத்தமில்லாமல் நிரப்புங்கள். குப்பியைத் தண்ணிக்குள் அமிழ்த்தி, ஹோஸை அதன் அடியில் வைத்து நிரம்பவிட்டு, தண்ணிக்குள்ளேயே மூடுங்கள். தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். ஒரு சின்னக் குமிழி தெரிந்தாலும் ஊற்றிவிட்டுத் திரும்ப எடுக்க வேண்டும், வாயுவில் ஒரு பகுதி அந்தக் குமிழிக்குள் போயிருக்கும். எடுத்த நேரத்தை நிமிடத்தோடு எழுதுங்கள். இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய்ச் சேர ஒரு நாள் ஆனால் ஆறில் ஒரு பங்கு சிதைந்திருக்கும். நேரம் தெரிந்தால் அவர்கள் கணக்குப் போட்டுத் திருத்துவார்கள்.

கந்தளாய் ரீச்சர்

அக்கா, எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் சிறுநீரக நோயாளிகள் இருக்கிறார்கள். பதவி ஸ்ரீபுரப் பக்கம் இன்னும் அதிகம். காரணம் ஆசனிக்கு என்கிறார்கள், கட்மியம் என்கிறார்கள், களைநாசினி என்கிறார்கள். எதைப் பார்க்கச் சொல்வது?

சோதனைக்குழாய்

ரீச்சர், இவ்வளவு வருட ஆய்வுக்குப் பிறகும் அறிஞர்களே ஒரு காரணத்தில் ஒன்றுபடவில்லை. கட்மியத்தைச் சொன்னார்கள், ஆசனிக்கைச் சொன்னார்கள், சுண்ணாம்பு கூடிய கடினத்தண்ணியும் புளோரைட்டும் சேர்ந்த சேர்க்கை என்றார்கள், களைநாசினி என்றார்கள், வெயிலில் தண்ணி குடிக்காமல் வேலை செய்வது என்றார்கள். யாராவது உங்களிடம் "இதுதான் காரணம், இந்தப் பில்டர்தான் மருந்து" என்றால் நம்பாதீர்கள். கையால் செய்யக்கூடியது, கடினத்தன்மையும் புளோரைட்டும் பார்த்துவைப்பது. இரண்டும் மலிவு. நம்முடைய தரத்தில் கடினத்தன்மை 250, புளோரைட்டு 1.0 மில்லிகிராம். உலக நிறுவனம் புளோரைட்டுக்கு 1.5 வரை விடுகிறது. இங்கே வெயிலில் ஒரு நாளைக்கு நாம் குடிக்கிற தண்ணி கூட, அதனால் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பது சரிதான். உங்களுக்குக் கந்தளாய்க் குளத்துப் பைப் தண்ணி கிடைக்கிற இடமென்றால் குடிக்க அதை எடுங்கள்.

கந்தளாய் ரீச்சர்

முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் சிலருக்குப் பல்லில் வெள்ளைத் திட்டும் கபிலத் திட்டும். நான் பல் தீட்டவில்லை என்று ஏசியிருக்கிறேன்.

சோதனைக்குழாய்

ஏசாதீர்கள் ரீச்சர், அது தீட்டினாலும் போகாது. பல் முளைக்குமுன் தாடைக்குள் உருவாகிற காலத்தில் புளோரைட்டு கூடினால் அப்படி வரும். எந்தக் கிணற்றுப் பிள்ளைகள் என்று ஒரு கொப்பியில் எழுதி பீ.எச்.ஐ. ஐயாவிடம் கொடுங்கள். அது எந்த மெசினையும் விட வேகமாகக் கிணற்றைக் காட்டிக்கொடுக்கும்.

ஓர்சில் பையன்

எல்லோருக்கும் நன்றி. அறிக்கை வந்துவிட்டது. ஈயம், ஆசனிக்கு, கட்மியம் இரண்டு போத்தலிலும் அளக்கக்கூடிய அளவில் இல்லை. யுரேனியம் 6 மைக்கிரோகிராம். இரும்பு 0.9. கிருமி இல்லை. நைத்திரேற்று 50 என்ற எல்லைக்கு மிகவும் கீழே. (கொட்டியாரம் அண்ணை, குழிக்கும் கிணற்றுக்கும் 62 அடி.) புளோரைட்டு மட்டும் 1.4.

ரேடன் குப்பி போயிருக்கிறது, பதில் வரவில்லை. அதற்குள் பிளம்பரைப் பிடித்து, டாங்கிக்குள் ஏறுகிற பைப்பை மேலே உயர்த்தி, ரேடன் பறக்கட்டும் என்று தண்ணி சிதறி விழுகிற மாதிரி வைத்திருக்கிறேன். இரும்பும் கொஞ்சம் படிந்து அடியில் இறங்குகிறது. இப்போது என் கவலை புளோரைட்டு. மண் சட்டிப் பில்டரில் வடித்தால் போகுமா? கொதிக்க வைத்தால்?

சோதனைக்குழாய்

டாங்கி வேலை நன்று. டாங்கி மூடியில் காற்றுப் போக ஒரு துளையும் வைத்து, அதற்கு நுளம்பு வலை கட்டுங்கள். வீட்டுக்கு வெளியே தூணில் நிற்கிற டாங்கி என்றால் வெளியேறுகிற ரேடன் காற்றோடு போய்விடும்.

புளோரைட்டு சட்டிப் பில்டரில் போகாது. கொதிக்க வைத்தால் தண்ணிதான் வற்றும், புளோரைட்டு அதே அளவு நின்று செறிவு கூடும். உலோகத்துக்கும் அதே கதைதான். மெல்லிய சவ்வுத் தாளால் வடிக்கிற ஆர்.ஓ. மெசின் புளோரைட்டையும் உலோகத்தையும் எடுக்கும், ஆனால் ரேடன் அதன் தாளுக்குள்ளால் தாராளமாகப் போகும். பாதித் தண்ணிக்கு மேல் வீணாக வெளியே தள்ளும், அதையும் கணக்கில் எடுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் மெசின் வாங்க ஓடமாட்டேன். குளிக்க, தோய்க்க, மரத்துக்கு ஊற்ற இந்தத் தண்ணி தாராளம். பிள்ளைகள் குடிக்கவும் சோறு கறி சமைக்கவும் மட்டும் வேறு தண்ணி பாருங்கள். ஓர்ஸ் ஹில்லில் உறவுக்காரர் வீட்டில் பைப் லைன் இருக்குமே?

ஓர்சில் பையன்

அம்மா வீடு அங்கேதான். ஸ்கூட்டியில் இரண்டு கேன் கொண்டுவரலாம்.

றிக் அண்ணை

தம்பி, கார்த்திகை, மார்கழி மழைக்கு உங்கள் கூரைத் தண்ணியை ஒரு டாங்கியில் பிடித்தால் கேன் சுமக்கவும் தேவையில்லை. அஸ்பெஸ்டோஸ் இல்லாத கூரை என்றால் நல்லது. முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள், பறவை எச்சம் போகட்டும்.

கிண்ணியா நானா

டாங்கி வேண்டுமென்றால் என்னிடம் 1,000 லீற்றர் ஒன்று சும்மா கிடக்கிறது தம்பி. சுனாமிக்குப் பிறகு கிணறெல்லாம் உப்பாகிக் கிடந்த காலத்தில் தந்தது. வெடிப்பில்லை, பாசி மட்டும்தான். வந்து பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள்.

ஓர்சில் பையன்

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் நானா. லாண்ட்மாஸ்டர் ஒன்று பிடித்துக்கொண்டு வர வேண்டுமா, இல்லை முச்சக்கர வண்டிக்கு மேலே கட்டலாமா?

கிண்ணியா நானா

முச்சக்கர வண்டியா! லாண்ட்மாஸ்டரோடு வாருங்கள். பகல் சாப்பாடு இங்கேதான்.

சோதனைக்குழாய்

அந்த டாங்கியைக் கழுவி முதல் தண்ணி நிரப்பியதும் ஒரு கிருமிப் போத்தல் கொடுங்கள் தம்பி. கிணற்றுப் புளோரைட்டை மாரி முடிந்ததும், அதே ஆய்வுகூடத்தில், இன்னொரு தடவை பாருங்கள். கோடையில் எடுத்ததும் மாரியில் எடுத்ததும் ஒன்றாக இருக்காது. ரேடன் பதில் வந்ததும் எண்ணை அலகோடு இங்கே போடுங்கள். லீற்றருக்கா, கன மீற்றருக்கா என்று எழுதாமல் விட்டால் ஆயிரம் மடங்கு வித்தியாசம்.